கறுத்த மணலிலிருந்து கடலடி வரை: நாஞ்சில் நாட்டில் ஓர் அணுப் பாடப் பயணம்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, 133 அடி திருவள்ளுவர் சிலை, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி. இரண்டு நாள் விடுமுறைக்கு அதுவே தாராளம்.

அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பாதை இருக்கிறது. உதயகிரிக் கோட்டை, குளச்சல், மணவாளக்குறிச்சி. பிறகு மாவட்ட எல்லையைத் தாண்டி கூடங்குளம், விஜயநாராயணம். காலையில் நாகர்கோவிலில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், பொழுது சாய்வதற்குள் ஐந்தையும் பார்த்துவிடலாம். இவற்றில் சில இடங்களை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். ஆனால், ஐந்தையும் இணைக்கும் கோடு ஒன்று உண்டு. ராணுவம், அணு, படிப்பு மூன்றும் சந்திக்கும் கோடு அது.

ஏன் இந்தப் பாதை? நாகர்கோவிலில் பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பேச்சு எப்படியும் இன்ஜினீயரிங்கில் வந்து நிற்கும். இஸ்ரோவின் தலைவர் நாற்காலியில் அமர்ந்த ஜி.மாதவன் நாயர், கே.சிவன், வி.நாராயணன் மூவரும் இந்த மாவட்டத்தில் பிறந்தவர்கள். அதனால் ராக்கெட் இங்கே பழகிய பேச்சு. அணு அப்படியில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு வீட்டில் பெருமை வரும், அடுத்த வீட்டில் பயம் வரும். `அணு சம்பந்தமான படிப்பை ராணுவத்தில் சேர்ந்து படிக்க முடியுமா?' என்று ஒரு பிள்ளை கேட்டால், பதில் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியோடு இந்தப் பாதையில் போய்ப் பாருங்கள்.

கோட்டைக்குள் ஒரு ராணுவப் பள்ளி

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில், தக்கலைக்குச் சற்று முன்னால் வருகிறது புலியூர்க்குறிச்சி. அங்கேதான் உதயகிரிக் கோட்டை. உள்ளே மரங்களும் நடைபாதைகளுமாக இப்போது ஒரு பூங்கா. குழந்தைகள் மானைத் தேடி ஓடும் பாதையில் கொஞ்சம் தள்ளிப் போனால், கூரையில்லாத பழைய தேவாலயத்துக்குள் ஒரு கல்லறை இருக்கிறது. டி லனாய் என்ற வெளிநாட்டுத் தளபதியின் கல்லறை.

1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை வென்றது. சிறைப்பட்டவர்களில் ஒருவர் டி லனாய். மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை, வேலை கொடுத்தார். ஐரோப்பிய முறையில் அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, கோட்டை கட்டும் கலை, பீரங்கி வார்ப்பு... அத்தனையையும் உள்ளூர்ப் படைக்குக் கற்றுக்கொடுத்தார் அவர். இந்தக் கோட்டைக்குள்ளேயே பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. `வலிய கப்பித்தான்' என்று பெயரெடுத்து, 1777-ல் இங்கேயே இறந்தார்.

பெயர்ப் பலகை இல்லாவிட்டாலும், இது ஒரு ராணுவத் தொழில்நுட்பப் பள்ளிதான். எதிரியிடம் இருக்கும் வித்தை நம் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்த ஓர் அரசன், அதற்காக எதிரியையே வாத்தியாராக்கிய இடம். அங்கிருந்து குளச்சலுக்குப் போய், கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூணையும் பார்த்துவிடுங்கள்.

மணவாளக்குறிச்சியின் கறுப்பு

குளச்சலிலிருந்து கடலோரமாகவே மண்டைக்காடு வழியாக வந்தால் மணவாளக்குறிச்சி. அலை வந்து திரும்பும் இடத்தில் மணலைக் கவனியுங்கள். வெள்ளை மணலுக்கு நடுவே மை கொட்டியதுபோல் கறுப்புப் பட்டைகள். அள்ளினால் கை கனக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து, ஆறுகள் வழியே கடலுக்கு வந்து சேர்ந்தவை இவை. மீதி வேலையைக் கடல் பார்த்துக்கொள்கிறது. முறத்தில் அரிசி புடைக்கும்போது உமி பறந்து அரிசி நிற்பதுபோல, அலை லேசான மணலை இழுத்துப் போய்விட்டு, கனமானதைக் கரையில் விட்டுவிடுகிறது. சாதாரண மணலைவிட அடர்த்தி கூடியவை இந்தத் தாதுக்கள். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட், கூடவே மோனசைட்.

இந்த மோனசைட்தான் கதாநாயகன். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல் துகள்களை வைத்து, ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909-ல் இந்த ஊரைத் தேடி வந்தார் என்பது வரலாறு. அப்போது ஐரோப்பியத் தெருக்களில் எரிந்தவை வாயு விளக்குகள். அவற்றின் வலைத் திரி பளீரென ஒளிவிட தோரியம் ஆக்ஸைடு தேவைப்பட்டது. நம் ஊர்க் கல்யாணங்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேன்டிலும் அதே குடும்பம்தான். மோனசைட்டில் 8 முதல் 10 சதவிகிதம் தோரியம் ஆக்ஸைடு இருக்கிறது.

முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன்காரரின் தொழில் பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1947-ல் திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று திவான் சி.பி.ராமசாமி அய்யர் அறிவித்தபோது, இந்த மணலும் டெல்லியிலும் லண்டனிலும் பேசப்பட்ட பொருளானது. 1950-ல் இந்திய அரிய மணல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1965-ல் மணவாளக்குறிச்சி ஆலை அதன் கைக்கு வந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு அது `மணல் ஆலை'.

கரையில் மீன் கூடையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மாவும், பள்ளிச் சீருடையில் அவருடைய பேரனும் பேச்சுக் கொடுத்தார்கள். "சார், கூடங்குளத்துல நம்ம ஊரு மண்ண வச்சித்தான் கரண்ட் எடுக்காவளாம், உள்ளதா?" என்று கேட்டான் பையன்.

இல்லை. கூடங்குளத்தில் எரிபொருளாவது ரஷ்யாவிலிருந்து வரும் செறிவூட்டப்பட்ட யுரேனியம். தோரியம் தானாகப் பிளக்காது. ஒரு நியூட்ரானை விழுங்கி, இடையில் புரோட்டாக்டினியம் என்ற வேறொரு தனிமமாக மாறி, கடைசியில் யுரேனியம்-233 ஆன பிறகுதான் அது பிளக்கும். பச்சை விறகு மாதிரி. காய்ந்த விறகின் சூட்டில் முதலில் அதைக் காயவைக்க வேண்டும். 1954-ல் ஹோமி பாபா முன்வைத்த மூன்று கட்டத் திட்டத்தின் கடைசிக் கட்டம் இது. கல்பாக்கத்தில் 1996-ல் இயங்கத் தொடங்கிய `காமினி' உலை, யுரேனியம்-233 கொண்டு இயங்குவது. அதன் திறன் 30 கிலோவாட்தான். மின்சாரம் தயாரிப்பதற்கான உலை அல்ல அது; ஆராய்ச்சிக்கானது. இந்த மண் இன்னும் தன் முறைக்காகக் காத்திருக்கிறது.

பையன் கேட்டுக்கொண்டான். அந்த அம்மாதான் சொன்னார்: "படிச்சா இதப் படி மக்கா. படிச்சிட்டு வந்து எங்களுக்கும் சொல்லு... பயப்படணுமா, வேண்டாமான்னு."

பயப்படணுமா, வேண்டாமா?

கேலி செய்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய கேள்வி இல்லை இது. இயற்கைக் கதிர்வீச்சிலிருந்து மனிதருக்குக் கிடைக்கும் அளவு, உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். தோரியம் கலந்த கடற்கரைகளில் அது கூடும். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வு, இந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. ஆனால், அது அந்த ஊருக்கான ஆய்வு. தன் ஊரின் அளவு என்ன, தன் வீட்டின் அளவு என்ன என்று கேட்க மணவாளக்குறிச்சிக்காரருக்கு உரிமை உண்டு.

நோய் மட்டுமே பயமில்லை, கரையும் பயம்தான். மணலை எடுத்தால் கடல் உள்ளே வருமோ, வள்ளம் எங்கே ஏற்றுவது என்ற பயம். கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம் முதல் கொல்லங்கோடு வரையிலான கிராமங்களில் சுமார் 1,144 ஹெக்டேரில் தாது மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது, கடற்கரை ஊர்கள் எதிர்த்து எழுந்தன. 2024 அக்டோபர் 1-ம் தேதி நடப்பதாக இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

அந்தக் கூட்டங்களில் மேஜைக்கு ஒரு பக்கம் அதிகாரிகள், மறுபக்கம் மக்கள். மில்லிசீவர்ட் என்ற சொல் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் அந்தச் சொல் தெரிந்தவர்கள் இருந்தால், பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கூடங்குளம்: அணைத்த பிறகும் ஆறாத சூடு

கன்னியாகுமரியிலிருந்து அஞ்சுகிராமம் வழியாகப் போனால் மாவட்ட எல்லை முடிந்து திருநெல்வேலி மாவட்டம் தொடங்குகிறது. காற்றாலைகளைக் கடந்ததும் தொலைவில் கூடங்குளம் உலைகளின் குவிமாடங்கள் தெரிகின்றன. அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. படம் எடுக்கவும் கூடாது.

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 2002-ல் கட்டுமானம், 2013-ல் முதல் உலை, 2016-ல் இரண்டாவது உலை. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். மேலும் நான்கு உலைகளின் வேலை நடக்கிறது. இவை அழுத்த நீர் உலைகள். வீட்டுக் குக்கரில் அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். இங்கே அழுத்தம் மிக மிக அதிகம் என்பதால், 300 டிகிரிக்கு மேலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. அந்தச் சூடு இன்னொரு சுற்றுத் தண்ணீரை ஆவியாக்க, ஆவி டர்பைனைச் சுற்றுகிறது.

2011 மார்ச் 11-ல் ஜப்பானின் ஃபுக்குஷிமாவில் நடந்ததை டி.வி-யில் பார்த்த பிறகு, இடிந்தகரை மக்களின் போராட்டம் நாடறிந்ததானது. அவர்களைப் பயமுறுத்தியது எது? பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் `சிதைவு வெப்பம்'. அணு உலையை நிறுத்தினாலும் சூடு உடனே அடங்காது. நிறுத்திய நொடியில் முழுச் சூட்டில் 6 முதல் 7 சதவிகிதம் மிச்சமிருக்கும். கூடங்குளத்தின் ஓர் உலை முழுத் திறனில் வெளியிடும் வெப்பம் 3,000 மெகாவாட். அதில் 6 சதவிகிதம் என்றாலே 180 மெகாவாட். நேரம் ஆக ஆக அது குறையும். அதுவரை யாராவது, ஏதாவது ஒரு வழியில் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபுக்குஷிமாவில் சுனாமி வந்து மின்சாரம் போனது, குளிர்விப்பது நின்றது. கூடங்குளத்தில் பம்பு ஓடாவிட்டாலும் காற்றோட்டத்தாலேயே சூட்டை வெளியேற்றும் ஏற்பாடு இருக்கிறது.

இந்தச் சிதைவு வெப்பம் என்ற ஒரு பாடத்தைப் புரிந்துகொண்டால், அணு உலை ஆதரவாளர் பேச்சும் புரியும், எதிர்ப்பாளர் பேச்சும் புரியும். ராணுவம் ஏன் இந்தப் படிப்பை அத்தனை கண்டிப்போடு நடத்துகிறது என்பதும் புரியும். ஏனென்றால், நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பதும் இதே அழுத்த நீர் உலைதான். சிறியது, ஆனால் கடலுக்கடியில், மனிதர்கள் தூங்கும் அறைக்குச் சில மீட்டர் தூரத்தில் இருப்பது.

ராணுவக் கல்லூரியில் உலை

கனடாவின் கிங்ஸ்டன் நகரிலுள்ள ராயல் மிலிட்டரி காலேஜில் 1985 முதல் 20 கிலோவாட் ஆராய்ச்சி உலை ஒன்று இயங்கிவருகிறது. நம்மூரில் கல்லூரி லேபில் லேத் மெஷின் இருப்பதுபோல, அங்கே அணு உலை. லண்டனின் கிரீன்விச் கடற்படைக் கல்லூரியில் அதைவிட வியப்பு. அரண்மனைபோன்ற பழைமையான கட்டடத்துக்குள் `ஜேசன்' என்ற 10 கிலோவாட் உலையை 1962 முதல் 1996 வரை வைத்திருந்தார்கள். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் போகும் அதிகாரிகள் அதில்தான் பழகினார்கள்.

இந்தியாவின் விடை கல்பாக்கத்தில் இருக்கிறது. கடற்படைக்கான அழுத்த நீர் உலையின் மாதிரியை அங்கே தரையிலேயே கட்டி, 2006 முதல் இயக்கினார்கள். வெளியுலகத்துக்கு அது காட்டப்பட்டது 2009 ஆகஸ்ட்டில்தான். அதற்குச் சில நாள்கள் முன்னால், ஜூலை 26-ல் விசாகப்பட்டினத்தில் `அரிஹந்த்' கடலில் இறக்கப்பட்டிருந்தது. கப்பலுக்குப் போகும் முன் உலையோடு பழக, மாலுமிகளுக்குக் கல்பாக்கம் பயிற்சிக் களமானது. `அரிஹந்த்' 2016-ல் கடற்படையில் சேர்ந்தது. 2024 ஆகஸ்ட்டில் `அரிகாத்' சேர்ந்தது.

இந்தப் படிப்பில் என்னதான் சொல்லித்தருவார்கள்? நியூட்ரான்களின் கணக்கு, வெப்பம் ஓடும் வழி, கதிர்வீச்சில் உலோகம் எப்படிச் சோர்ந்துபோகும், தண்ணீரின் வேதியியல், கதிர்வீச்சுப் பாதுகாப்பு, கட்டுப்பாட்டுக் கருவிகள். சிவில் கல்லூரியிலும் இவைதான் பாடம். ராணுவத்தில் கூடுதலாக இருப்பது ஒன்றுதான்: உதவிக்கு ஆள் வராது என்ற நினைப்பு. கடலடியில் வால்வு கசிந்தால், மெக்கானிக்கை போனில் கூப்பிட முடியாது. அதனால் ஒரே பயிற்சியை நூறு முறை, இருட்டில்கூட செய்யும் அளவுக்குப் பழக்குவார்கள்.

விஜயநாராயணம்: கடலுக்குள் போகும் கடிதம்

கூடங்குளத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பி நாங்குநேரி வட்டாரத்துக்குப் போனால், வானத்தில் கம்பிவலை கட்டியதுபோல் உயரமான கோபுரங்கள் தெரியும். விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் அது. 1990-ல் தொடங்கப்பட்டது. சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் நுழைந்ததுமே செத்துவிடும். மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட, அலைநீளம் பல கிலோமீட்டர் உள்ள அலைகள் மட்டும் சில மீட்டர் ஆழம் வரை போகும். கடலுக்கடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கிக்கு இங்கிருந்துதான் சேதி போகிறது.

இந்தக் கோபுரங்களைப் பார்க்கும்போது நாஞ்சில் நாட்டுக்காரருக்கு 2017 நவம்பர் கடைசி நாள்கள் ஞாபகம் வராமல் போகாது. ஒக்கிப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை... ஆழ்கடலில் இருந்த நம் மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை எட்டவேயில்லை. கடலுக்கு மேலே மிதந்தவர்களுக்குச் சேதி போகவில்லை. செயற்கைக்கோள் வழியாகச் சேதி பெறும் கருவிகள் அதற்குப் பிறகுதான் படகுகளுக்கு வரத் தொடங்கின. தொழில்நுட்பம் இருப்பது ஒன்று. அது யாருக்காக வேலை செய்கிறது என்பது வேறொன்று. இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த அறைகளுக்குள் இருந்தால், இரண்டாவது கேள்வியைக் கேட்க அங்கே ஓர் ஆள் இருப்பார்.

சரி, எங்கே படிப்பது?

பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேரும்படியான `அணுப் பொறியியல் ராணுவக் கல்லூரி' நம் நாட்டில் கிடையாது. ஆனால் வழிகள் உண்டு.

கடற்படை வழி: இயற்பியல், வேதியியல், கணிதம் படித்த பிளஸ் டூ மாணவர்களுக்கு `10+2 பி.டெக்' நுழைவு இருக்கிறது. ஜே.இ.இ. மெயின் தரவரிசை, அதன் பிறகு எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வு. தேர்வானால் கேரளத்தின் கண்ணூர் அருகே ஏழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாடமியில் நான்கு ஆண்டுகள் பி.டெக். படிப்புச் செலவு கடற்படையுடையது. பெண்களும் விண்ணப்பிக்கலாம். நீர்மூழ்கிப் பயிற்சியும் அணு உலைப் பயிற்சியும் அதற்குப் பிந்தைய படிகள். அதற்கென்று தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களுக்கு மட்டும்.

தரைப்படை வழி: புனேயிலுள்ள ராணுவப் பொறியியல் கல்லூரியில் அணு, உயிரியல், வேதியியல் ஆபத்துகளிலிருந்து பாதுகாக்கும் துறை தனியாகவே இருக்கிறது. கதிர்வீச்சை அளப்பது, ஆட்களையும் இடத்தையும் சுத்தப்படுத்துவது அங்கே பாடம்.

சீருடை இல்லாத வழி: மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கெமிக்கல் போன்ற ஏதாவது ஒரு பொறியியல் படித்துவிட்டு, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளியில் சேரலாம். 1957-ல் தொடங்கிய பள்ளி அது. உதவித்தொகையோடு ஓராண்டு படிப்பு, கல்பாக்கத்திலும் நடக்கிறது. குலசேகரத்தில் பிறந்த மாதவன் நாயர் ராக்கெட் பக்கம் போவதற்கு முன் பயின்றது இந்தப் பள்ளியில்தான். இந்திய அணுமின் கழகம், கேட் மதிப்பெண் அடிப்படையில் பொறியாளர்களையும், உதவித்தொகைப் பயிற்சியாளர்களாக டிப்ளமோ, ஐ.டி.ஐ., பிளஸ் டூ முடித்தவர்களையும் எடுக்கிறது. கூடங்குளத்தில், உலையின் கட்டுப்பாட்டு அறையை அப்படியே நகலெடுத்த சிமுலேட்டரோடு பயிற்சி மையமே இருக்கிறது. வயது, மதிப்பெண் விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள். `சீட் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால், அந்த வீட்டு வாசலோடு திரும்பிவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நீர்மூழ்கி வேலை என்றால், பிள்ளை எங்கே இருக்கிறான் என்று வாரக்கணக்கில் தெரியாமல் இருக்க வேண்டிவரும். போன் வராது. திரும்பி வந்த பிறகும் எங்கே போனான் என்று சொல்ல மாட்டான். பத்து, இருபது நாள் ஆழ்கடல் தங்கலுக்கு ஆண்களை அனுப்பிவிட்டுக் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் கடற்கரைப் பெண்களுக்கு அந்தக் காத்திருப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

அணு வேண்டுமா, வேண்டாமா என்பதை இந்தக் கட்டுரை முடிவு செய்யப்போவதில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். மண் நம் கரையில் இருக்கிறது, உலை நம் எல்லையில் இருக்கிறது, கோபுரம் பக்கத்து வட்டாரத்தில் இருக்கிறது. அதைப் பற்றிய படிப்பு மட்டும் தூரத்து ஊர்க்காரர்களிடமே இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. அடுத்த முறை குமரிக்கு வரும்போது, பிள்ளைகளை மணவாளக்குறிச்சிக் கரையில் கொஞ்ச நேரம் இறக்கிவிடுங்கள். ஒரு கைப்பிடி கறுத்த மணலை அள்ளி, அதன் கனத்தை உணர்ந்துவிட்டு, அங்கேயே போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கேள்விகள் தானாக வரும்.